முதலாளிக்குப் பதிலாகப் பாவசங்கீர்த்தனம்

தொம்மை பர்னாந்து நாலு விசைப்படகுக்குச் சொந்தக்காரர். ஈஸ்டர் பூசையில் நன்மை என்னும் திருவப்பம் வாங்காவிட்டால் ஊர் பேசும்; வாங்குவதற்கு முன் பங்குச் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெற வேண்டும். அதற்காகச் சமையல்காரி கித்தேரியைக் கூப்பிட்டார்.

"எனக்கு முட்டி வலி. எனக்குப் பதிலா நீ போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வா. முடியாதுன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"போறேன் முதலாளி. ஒண்ணு விடாமச் சொல்லுங்க. மறைச்சா மன்னிப்பு செல்லாது."

குடி, கோபம், கெட்ட வார்த்தை என்று தாராளமாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். போன வருஷம் வலையைத் திருடினான் என்று பொய்ப்பழி போட்டு, எந்தப் படகிலும் ஏறவிடாமல் அவர் செய்தது கித்தேரியின் தம்பியை.

"இன்னும் ஒண்ணு இருக்கு. அதை உங்கிட்ட எப்படிச் சொல்ல?"

கித்தேரி அவருடைய செருப்பை எடுத்து வாசலில் வைத்தாள்.

"முதல்ல சாமியார்கிட்டச் சொல்லிப் பழகிட்டு வாங்க, முதலாளி. அதுக்குள்ள தம்பியை நான் வரச் சொல்லிடுறேன்."