பஜ்ஜி சுற்றி வந்த காகிதம்

சிறுநீரக மருத்துவர் எஸ்தருக்கு முப்பத்தெட்டு வயது. அவருடைய சீடர் டாக்டர் பழனிவேலுக்கு ஐம்பத்திரண்டு. தன் கிளினிக்கில் நோய் பிடிபடாதவர்களைச் சனிக்கிழமைதோறும் கூட்டி வந்து, எஸ்தர் எதிரே நோட்டும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்.

அன்று வந்தவர் லாரி டிரைவர் குப்புராஜ். புராஸ்டேட் சுரப்பியில் கிருமி. மூன்றாவது முறையாகக் காய்ச்சல், எரிச்சல்.

"கல்யாணமாகி எட்டு மாசந்தான் ஆவுது டாக்டரம்மா. பொண்டாட்டி பக்கத்துல போகவே பயமா இருக்கு. அவ தப்பா நினைக்கிறா. இந்த வாட்டியும் மருந்து கேக்கலைன்னா அம்மா வீட்டுக்கே போயிடுவா."

பழனிவேல் லேப் ரிப்போர்ட்டை நீட்டினார்.

"நான் கொடுத்த மருந்துக்குக் கிருமி செத்திருக்கு மேடம். டோஸை ரெண்டு மடங்காக்கட்டுமா?"

"லேப்ல கிருமி எங்கே இருந்தது?"

"கண்ணாடித் தட்டில. மருந்து நேரா மேல பட்டுச்சு."

"இவருக்கு?"

பழனிவேல் விழித்தார். இது ஒரு கேள்வியா?

எஸ்தர் கடைசி பஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டார். அது சுற்றி வந்த எண்ணெய்க் காகிதத்தை ரிப்போர்ட்டின் மேல் விரித்து அழுத்தினார்.

"தண்ணி ஊத்துங்க."

ஊற்றினார். உருண்டு திரண்டு நின்றது.

"ரெண்டு மடங்காக்குங்க."

அதுவும் வழிந்து, பழனிவேலின் பேன்ட்டில் கொட்டியது. குப்புராஜ் சிரிப்பை அடக்கப் பெரும்பாடுபட்டார்.

"இப்ப ரிப்போர்ட்டைப் பாருங்க."

கீழே ஈரமில்லை. எண்ணெய் மட்டும் ஊறிக் கறையாகியிருந்தது.

"உங்க மருந்து தண்ணி மாதிரி, சுரப்பியோட சுவரைத் தாண்டாது. எண்ணெய் மாதிரி உள்ளே ஊறிப்போற மருந்தும் அதே ரிப்போர்ட்டில இருக்கு. அதை எழுதுங்க. ஆறு வாரம்."

பழனிவேல் எழுதினார், அடித்தார். குழப்பம் கூடத்தான் செய்தது.

"முதல் தடவை என் மருந்துலயே காய்ச்சல் இறங்கிச்சே மேடம்?"

எஸ்தர் பேனாவால் காகிதத்தில் நாலைந்து குத்து குத்தினார். நின்ற தண்ணீர் சரசரவென்று உள்ளே இறங்கியது.

"வீக்கத்தில சுரப்பியோட சுவர் இப்படித்தான் இருக்கும். எது கொடுத்தாலும் உள்ளே போகும்."

"வீக்கம் வடிஞ்சதும்?"

எஸ்தர் பேனாவை மூடினார். குப்புராஜ் பக்கம் திரும்பினார்.

"முதல் தடவை மாத்திரையை எப்ப நிறுத்தினீங்க?"

"அஞ்சாம் நாளு. வலி போயிடுச்சு, போதும்னு இந்த ஐயாதான் சொன்னாரு."

பழனிவேல் நனைந்த பேன்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீக்கம் வடிஞ்சு வலி போச்சுன்னா கதவு சாத்தியாச்சுன்னு அர்த்தம்," என்றார் எஸ்தர். "உள்ளே ஆள் இல்லைன்னு யார் சொன்னது?"