தாலியில் ஏறிய பொன்

ராஜாக்களுக்குக் காசில் தங்கள் முகத்தைப் பார்க்கும் ஆசை வராத காலம் அது. ஆற்றங்கரை ஊர் ஒன்றில் அண்ணன் தம்பி இருவர் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுதார்கள். அவர்களை விடுங்கள். கதை அவர்கள் பெண்டாட்டிகளைப் பற்றியது.

மூத்தவள் நாச்சாயி. இளையவள் பொம்மி. இருவரும் மோர் விற்றுச் சிறுகச் சிறுகச் சேர்த்தார்கள்.

நாச்சாயி வெள்ளி வாங்கினாள். கைக்குக் காப்பு, இடுப்புக்கு ஒட்டியாணம், காலுக்குத் தண்டை. மாட்டுச் சந்தை என்று புருஷன் கேட்டான், காப்பு போயிற்று. தங்கச்சி கல்யாணம் என்று கேட்டான், ஒட்டியாணம் போயிற்று. சேவல்கட்டு என்று கேட்டான், ஒரு கால் தண்டையும் போயிற்று. கேட்டதும் கழற்றிக் கொடுக்கிற மனசு அவளுக்கு, என்ன செய்ய!

பொம்மி இதையெல்லாம் பார்த்தாள். அவள் கில்லாடி. பொன் வாங்கினாள், அதையும் தாலியில் கோத்தாள். ஆடிப்பெருக்குக்கு ஆடிப்பெருக்கு மஞ்சள் கயிறு மாற்றும்போது ஒரு பொன் குண்டு ஏறும். அந்த ஊர் வழக்கப்படி, தாலியில் ஏறியது புருஷன் இருக்கும்வரை இறங்கக் கூடாது. அவள் புருஷன் ஒரு முறை கேட்க வாயெடுத்தான். தாலியைப் பார்த்தான். தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

அப்புறம் ஒரு வருஷம் ஆறு கரை புரண்டது. இரண்டு வீட்டு விதைநெல்லும் நனைந்து அழுகிப் போயிற்று. விதைக்காத நிலத்தைக் கோயில் திரும்ப எடுத்துக்கொள்ளும். நிலம் போனால் அடுத்த வேளைச் சோறு கிடையாது.

விதைநெல் ஏற்றிய படகு ஒன்று வந்தது. ஒரு காலைப் பொழுதுதான் நிற்கும். கடன் கிடையாது.

பொம்மி கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழுத்து நிறையப் பொன், கை நிறைய ஒன்றுமில்லை. ஒரு குண்டைக் கழற்றிவிடலாமா என்று கயிற்றில் கை வைத்தாள். படகுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேண்டாம்மா. தாலிப் பொன்னை நான் தொட மாட்டேன். என் வீட்டிலும் ஒருத்தி இருக்கா."

யாருக்கும் எட்டாமல் பூட்டி வைத்தவள், தனக்கும் எட்டாமல் பூட்டியிருந்தாள்.

பக்கத்தில் நின்ற நாச்சாயி தன் வீட்டுக்கு ஓடினாள். மிச்சமிருந்த ஒற்றைத் தண்டையைக் கொண்டுவந்து, படகுக்காரரிடம் இரண்டாக வெட்டச் சொன்னாள். ஒரு துண்டுக்குத் தன் வீட்டு விதை, இன்னொரு துண்டுக்குப் பொம்மி வீட்டு விதை. பொம்மி அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

இரண்டு வயலும் விளைந்தன. நிலம் நிலைத்தது.

அடுத்த ஆடிப்பெருக்கில் பொம்மி ஆற்றுக்கு வந்தபோது அவள் காலில் புதுத் தண்டை சத்தம் போட்டது. வெள்ளித் தண்டை. மடியிலிருந்து புதுப் பொன் குண்டு ஒன்றை எடுத்தாள். தன் கயிற்றில் கோக்கவில்லை. நாச்சாயியின் புதுக் கயிற்றில் கோத்து, அவள் கழுத்தில் கட்டினாள்.

"இதை இனி யாரும் உன்கிட்டே கேக்க மாட்டாங்க, அக்கா."

கரையில் நின்ற நாச்சாயி புருஷன் அதைப் பார்த்தான். ஆற்றில் இறங்கி, ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: சிறுகச் சேர்ப்பவர்கள், காத்து வைக்கக் கொஞ்சம் பொன்னும், ஆபத்துக்குக் கழற்றக் கொஞ்சம் வெள்ளியும் வைத்திருக்க வேண்டும்.