வாசலில் குழு, உள்ளே விரிசல்

காலையிலிருந்து கத்திக் கத்தி மானிக்குத் தொண்டை வறண்டுவிட்டது. அவன் கதிர்வீச்சை அளக்கும் கருவி; கசிந்தால் டிக் டிக்கென்று சொல்வதுதான் பிழைப்பு. ஒரு தேசியப் பல்கலைக்கழகத்தின் அணு ஆய்வு மையத்தில், கதிரியக்கப் பொருள் வைத்திருந்த ஈயப்பெட்டி விரிசல் விட்டிருந்தது.

ஆய்வகப் பொறுப்பாளர் திரவியம் அவன் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"பழசு. சும்மாவே கத்தும்," என்றார், ஆராய்ச்சி மாணவி சுகிர்தாவிடம். "தரம் பார்க்கிற குழு கேட்டுக்குள்ள வந்தாச்சு. இதை மேசைக்கு அடியில தள்ளும்மா."

"சரி சார்." தள்ளினாள்.

இருவரும் வாசலுக்குப் போனதும், சுவரில் பளபளத்த, மையத்தின் பித்தளைப் பெயர்ப்பலகை ஆரம்பித்தது. "இங்க பாரு தம்பி. குழு போற வரைக்கும் வாயை மூடிட்டு இரு. நம்ம எல்லாருக்கும் நல்லது."

"அந்தப் பொண்ணு பெட்டியைத் திறக்கப் போறா," என்றான் மானி.

"முப்பது வருஷமா மூச்சை அடக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்," என்றது ஈயப்பெட்டி. "ஒரு விரிசல். அதுக்காக என்னைக் குப்பைக்கு அனுப்பணுமா?"

"உன்னைக் குறை சொல்லல. நீயும் பாவம்தான்."

"அப்ப சும்மா இரேன்," என்றது பலகை. "சும்மா இருக்கிறது பொய்யா?"

"உனக்கு இல்ல. நான் சும்மா இருந்தா, இங்க ஒண்ணும் இல்லைன்னு நான் சொன்னதா ஆயிடும்."

சொல்லிவிட்டானே தவிர, அவனுக்கும் அலுத்துவிட்டது. பேட்டரி தீரப்போகிறது. எத்தனை தடவை கத்தினாலும் தலையில்தான் தட்டுகிறார்கள். சத்தத்தை நிறுத்தினான். எவ்வளவு சுகமாக இருந்தது.

குழு உள்ளே வந்தது. திரவியம் வாயெல்லாம் பல்லாக நின்றார். "சுகிர்தா, பெட்டியில இருக்கிற சாம்பிளை எடுத்துக் காட்டும்மா."

அங்கே வேலை பார்க்கிற எல்லாருக்கும் ஒரு பழக்கம். பெட்டியில் கை வைக்கும் முன் மானிக்குக் கொஞ்சம் காது கொடுப்பார்கள். யார் என்ன சொன்னாலும் அது போகாது. சுகிர்தாவின் கை ஒரு சாண் தள்ளி நின்றது. காது கொடுத்தாள்.

சத்தமே இல்லை. அவள் முகம் தெளிந்தது. கை நகர்ந்தது.

"அப்படியே இருடா," என்று பலகை பல்லைக் கடித்தது.

டிக். டிக்டிக்டிக்.

சுகிர்தா கையை இழுத்துக்கொண்டாள். குழுவில் ஒருவர் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார்.

"பழசு சார், சும்மாவே..." என்றார் திரவியம்.

"இல்ல சார்," என்றாள் சுகிர்தா. "பெட்டியைப் பாருங்க."

வாயை மூடிக்கொண்டு இரு என்றுதான் மானியிடம் சொல்லியிருந்தார்கள். வேறு எந்த வேலையும் கொடுக்கவில்லை. அந்த ஒன்றையும் அவன் செய்யவில்லை.