ஏழு தடவை பார்த்தால்தான் தொட்டி கழுவுவோம்

திண்டுக்கல் பக்கம் ஒரு ஊரில் சிங்கராயர், அவர் தம்பி தொம்மை, சித்தப்பா மகன் சவரிமுத்து என்று மூன்று பேர் சேர்ந்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி கழுவும் தொழில் நடத்தினார்கள். நடத்தினார்கள் என்று சொல்வது அவர்கள் மனசு நோகக்கூடாதே என்பதற்காக. இரண்டு மாதமாக ஒரு தொட்டியும் வரவில்லை.

சிங்கராயரின் மனைவி அற்புதம் பொறுத்துப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு தொட்டியாவது கழுவுங்க. இல்லேன்னா தண்ணி எறைக்கிற மோட்டாரை எங்க மிக்கேல் அண்ணன் தூக்கிட்டுப் போயிரும். அது வாங்கிக் குடுத்த மோட்டாருதானே" என்றாள்.

மோட்டார் போனால் தொழிலே போச்சு. கவலையில் மூன்று பேருக்கும் சோறு இறங்கவில்லை. இரண்டாம் தடவை போட்ட சோறு மட்டும் இறங்கியது.

சவரிமுத்துதான் வழி கண்டுபிடித்தான். ஆபீஸ்காரர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒருவருக்கொருவர் கைதட்டிக்கொள்ளும் ஆப் ஒன்று இருக்கிறதாம். அதில் சேர்ந்தால் வாடிக்கையாளர்கள் தேடி வருவார்களாம். எப்படி வரவைப்பது என்று ஒருவர் வீடியோவில் பாடமும் நடத்துகிறாராம்.

ஸ்டுடியோவில் ஒரு கோட்டை இரவல் வாங்கி, மூன்று பேரும் மாற்றி மாற்றிப் போட்டுப் படம் எடுத்தார்கள். சிங்கராயர் நிறுவனர் ஆனார். தொம்மை தலைமை இயக்குநர். சவரிமுத்து முதன்மை ஆலோசகர்.

"அப்ப தொட்டிக்குள்ள எறங்குறது யாரு?" என்று அற்புதம் கேட்டாள்.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதுக்கு ஆள் எடுக்கணும் அண்ணி" என்றான் தொம்மை.

வீடியோக்காரரின் முதல் பாடம், தினமும் பத்துப் பேரை வாழ்த்த வேண்டும் என்பது. இவர்கள் எதையும் வாசிக்காமல் வாழ்த்தினார்கள். வேலை போய்விட்டது என்று எழுதியிருந்த ஒரு மனிதருக்கு, "வாழ்த்துகள், மேலும் வளர்க" என்று போட்டார்கள். அவருக்கு அன்று வந்ததிலேயே அதுதான் மரியாதையான பதில். மற்றவர்கள் எல்லாம் அறிவுரை சொல்லியிருந்தார்கள்.

இரண்டாம் பாடம் இப்படி இருந்தது: வாடிக்கையாளர் உங்களை ஏழு தடவை பார்த்தால்தான் நம்புவார். அதுவரை வேலையைப் பற்றி வாயே திறக்காதீர்கள்.

வியாழக்கிழமை காலையில் எதிர்வீட்டு தனக்கோடி டீச்சர் வாசலில் வந்து நின்றார். "சிங்கராயரே, எங்க தொட்டியில அணில் செத்துக் கெடக்கு. ஞாயித்துக்கிழமை என் மகளைப் பொண்ணு பாக்க வர்றாங்க. ஒடனே வந்து கழுவிக் குடுங்க."

மூன்று பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார்கள்.

"டீச்சர் நம்மளைப் பதினஞ்சு வருசமா பாக்குறாங்களே, அண்ணே?"

"அது கைலி கட்டுன நம்மளை. கோட்டுப் போட்ட நம்மளை இன்னும் ஒரு தடவைகூடப் பாக்கலையே."

"கோட்டு ஒண்ணுதானே இருக்கு?"

சிங்கராயர் நடுவில் நின்றார். தொம்மை இடது கையைக் கோட்டின் ஒரு கையில் விட்டான், சவரிமுத்து வலது கையை இன்னொன்றில் விட்டான். நடுவில் பொத்தானைப் போட்டார்கள். கதவைத் திறந்து டீச்சர் முன்னால் போய் நின்று, ஒன்றும் பேசாமல் சிரித்தார்கள்.

"ஒண்ணு" என்றான் சவரிமுத்து.

"என்னய்யா ஒண்ணு? வர்றீங்களா இல்லையா?"

"அவசரப்படாதீங்க டீச்சர். இன்னும் நீங்க எங்களை நம்பல."

"நம்பித்தானேய்யா வந்து நிக்கிறேன்!"

"அப்படித்தான் தோணும் டீச்சர். ஆனா அது நெசமான நம்பிக்கை இல்ல" என்றார் சிங்கராயர் பரிவோடு.

டீச்சர் போன பிறகு தொம்மைக்கு ஒரு சந்தேகம். "அண்ணே, அவங்க ரெண்டு மூணு தடவை கண்ணைச் சிமிட்டுனாங்க. கண்ணைத் தொறந்து தொறந்து பாத்ததை எல்லாம் தனித்தனியா எண்ணலாமா?"

அதைச் சாயங்காலம் வரை பேசினார்கள். குறுக்குவழியில் வந்த வாடிக்கையாளர் நிலைக்க மாட்டார் என்று முடிவானது.

வெள்ளிக்கிழமை ரேஷன் கடை வரிசையில் டீச்சருக்கு முன்னால் அந்தக் கோட்டு திரும்பி நின்றது. இரண்டு. பஸ் ஸ்டாப்பில், மூன்று. மீன்கடையில் நான்கு. அங்கே டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஊருல வேற ஆளு இல்லைய்யா. பக்கெட்டு பக்கெட்டா நாறுது."

"நெருங்கிட்டோம் டீச்சர்" என்று மட்டும் சொன்னார்கள். சனிக்கிழமை காலையில் பள்ளிக்கூட வாசலில் ஐந்து. சாயங்காலம் டீச்சர் வீட்டு மதில்மேல் மூன்று தலையும் எழும்பின. டீச்சர் அந்த அணில் தண்ணீரையே ஒரு வாளி எடுத்து வீசினார்.

நனைந்த கோட்டோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

"இது ஆறாவது தடவையில சேருமா?"

"ஊத்தும்போது கண்ணை மூடிக்கிட்டாங்களே."

"குறி தப்பலையேடா. பாக்காம எப்படி ஊத்துவாங்க?"

சேரும் என்று தீர்ப்பானது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மிக்கேல் வந்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, மோட்டாரைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே போனார். எதிர்வீட்டிலிருந்து டீச்சர் ஓடி வந்தார். "அண்ணே, தொட்டி கழுவுவீங்களா?"

"கழுவுவேனே, தாயி."

இவர்கள் மூன்று பேரும் கோட்டுக்குள் நுழைந்து, பொத்தானைப் போட்டு, படி இறங்கி, ஒரே காலாக எடுத்து வைத்து எதிர்வீட்டு மாடி ஏறிப் போய்ச் சேர்ந்தபோது, தொட்டி பளபளவென்று இருந்தது. மிக்கேல் அணிலை வாலைப் பிடித்துத் தூக்கி எறிந்துகொண்டிருந்தார்.

டீச்சர் திரும்பி இவர்களைப் பார்த்தார்.

"ஏழு!" என்று மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். சிங்கராயருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம் மச்சான், ஒரே ஒரு தடவை பாத்த ஆளுக்கு வேலை செஞ்சு பேரைக் கெடுத்துக்கிட்டாரு."

மோட்டார் மிக்கேலோடு பஸ் ஏறிப் போய்விட்டது. இவர்கள் அதற்காகக் கலங்கவில்லை. முறைப்படி சம்பாதித்த முதல் வாடிக்கையாளர் கையில் இருக்கிறார். தொட்டி சுத்தமாக இருப்பது ஒன்றுதான் குறை. கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் யோசித்து, அன்றைக்கே அந்த ஆப்பில் ஒரு விளம்பரம் போட்டார்கள்: "எங்கள் மதிப்புமிக்க வாடிக்கையாளரின் தொட்டியை அழுக்காக்க உடனடியாக ஆள் தேவை. முன் அனுபவம் அவசியம்."

மறுநாள் காலைக்குள் நாற்பத்து மூன்று பேர் மனுப் போட்டிருந்தார்கள். அதில் இரண்டு பேருக்கு இந்த வேலையில் பத்து வருட அனுபவம். ஒருவர் வெளிநாட்டிலும் செய்திருக்கிறார்.