சிவப்பு லைட்டும் குத்தாலிங்கத்தின் கல்யாணமும்

கட்டெறும்பூரில் புத்திசாலிகளே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருந்தார்கள். ஒவ்வொருவராகப் பக்கத்து ஊருக்குக் குடி போய்விட்டார்கள், அவ்வளவுதான். போகாமல் மிஞ்சியவர்களில் மூன்று பேர் அண்ணன் தம்பிகள். மூத்தவர் கோமதிநாயகம் எதையும் யோசிக்காமல் செய்யமாட்டார். அதனால்தான் பாதி வினை வந்தது. நடுவுள்ளவன் ஆவுடையப்பன், அண்ணன் யோசித்ததை அப்படியே ஒத்துக்கொள்வான். மீதி வினை அதனால் வந்தது. கடைக்குட்டி குத்தாலிங்கத்துக்கு யோசனையெல்லாம் வடிவு என்கிற பெண்ணைப் பற்றித்தான்.

பெண் பார்க்கப் போன இடத்தில் அவன் காபி டம்ளரை மடியில் கவிழ்த்துக்கொண்டான். வடிவு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவனுக்குச் சூடுகூட உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து மருந்து போடும்போதே, "அண்ணே, கட்டினா அவளைத்தான் கட்டுவேன், இல்லேன்னா வேட்டியே கட்டமாட்டேன்" என்று சொல்லிவிட்டான். அண்ணன்மார் பயந்துபோனார்கள். அவன் சொன்னால் செய்கிற ஆள்.

வடிவின் அப்பா சொர்ணமுத்து கரண்டு ஆபீசில் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். எங்கேயாவது ஒரு விளக்கு வீணாக எரிந்தால் அவர் வயிறும் சேர்ந்து எரியும். மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர், வாழைத்தோப்பைப் பற்றிக் கேட்கவில்லை, வீட்டுக் கூரையை நிமிர்ந்து பார்க்கவில்லை. நேரே டிவி முன்னால் போய் நின்றார்.

"யாருமே பாக்கல. டிவி எதுக்குப்பா ஓடுது?"

"ஓடலியே மாமா. ரிமோட்டுல அமத்திட்டோம்" என்றார் கோமதிநாயகம்.

"அப்ப இந்தச் செவப்பு லைட்டு? நல்லாக் கேட்டுக்கோங்க. டிவி அமந்துட்டுன்னு நீங்க நினைக்கீக. அது அமரல. நீங்க எப்ப ரிமோட்டை அமுக்குவீகன்னு காத்துக் கெடக்கு. அப்படிக் காத்துக் கெடக்கதுக்கே கரண்டு குடிக்கு. செட்டாப் பாக்ஸு, சார்ஜரு, வாஷிங் மெஷினு எல்லாம் இதே கூத்துதான். வார வெள்ளிக்கிழமை தாம்பூலம் மாத்த வாரேன். அன்னைக்கு இந்த வீட்டுல ஒரு சாமான் சும்மா காத்துக் கெடந்தாலும் சரி, எம்பொண்ணை மறந்துருங்க!"

பிளக்கைப் பிடுங்கி வையுங்கள் என்று அவர் சொல்லவில்லை. அதைக்கூடவா சொல்ல வேண்டும் என்று நினைத்துவிட்டார். பாவம், கட்டெறும்பூருக்கு அவர் புதுசு.

அவர் தலை மறைந்ததும் மூவரும் டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். கோமதிநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டு டிவியிடமே பேசினார். "இங்க பாருப்பா, இன்னைக்கு ஒருத்தரும் பாக்கமாட்டோம். நீ காத்துக் கெடக்காண்டாம். போய்ப் படு."

சிவப்பு லைட்டு அப்படியே எரிந்தது.

"நம்ப மாட்டேங்குதுண்ணே" என்றான் ஆவுடையப்பன். "முன்னால எத்தனையோ தடவை படுக்கப் போறேன்னுட்டுத் திரும்ப வந்து போட்டிருக்கோம்லா."

லைட்டின்மேல் ஒரு துண்டு பிளாஸ்திரியை ஒட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் எல்லாருக்கும் நிம்மதியாக இருந்தது. குத்தாலிங்கத்துக்குத்தான் மனசு கேட்கவில்லை. "அண்ணே, அது உள்ளுக்குள்ள காத்துக் கெடந்தா?" என்றான். பிளாஸ்திரியை உரித்துப் பார்த்தார்கள். காத்துத்தான் கிடந்தது.

கோமதிநாயகம் கண்ணை மூடி யோசித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "ஆவுடை, பஸ் ஸ்டாப்புல காத்துக் கெடக்கவன் எப்ப காத்துக் கெடக்கத விடுவான்?"

"பஸ்ஸு வந்தா."

"வேலைக்குக் காத்துக் கெடக்கவன்?"

"வேலை கெடைச்சா."

"அம்புட்டுதான். நம்ம வீட்டுச் சாமான் எல்லாத்துக்கும் வேலை குடுத்துருவோம். ஒண்ணைக்கூட நிறுத்தாம ஓட்டுவோம். அப்புறம் எது காத்துக் கெடக்கும்?"

ஆவுடையப்பன் அண்ணன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அன்றைக்கே வேலை தொடங்கியது. டிவி பார்க்கும் பொறுப்பு குத்தாலிங்கத்துக்கு. கண்ணிமைத்தால் அந்த நேரத்தில் டிவி காத்திருக்குமே என்று இமைக்காமல் பார்த்து, கண் இரண்டும் கோவைப்பழமாகிவிட்டன. புரியாத பாஷையில் யாரோ பாகற்காய் பொரித்ததையும் பார்த்தான். வடிவுக்காகப் பார்த்தான்.

சார்ஜருக்கு வேலை வேண்டும். ஆனால் போன் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. அதைக் காலி செய்ய ஆவுடையப்பன் போன் கம்பெனிக்குக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டே இருந்தான். "உங்களுக்கு என்ன பிரச்சினை சார்?" என்று கேட்டார்கள். "ஒரு பிரச்சினையும் இல்ல. நீங்க சாப்பிட்டாச்சா?" என்றான்.

வாஷிங் மெஷின் துவைத்ததையே துவைத்தது. உடுத்தியிருந்ததும் உள்ளே போய்விட்டதால் மூவரும் துண்டோடு திரிந்தார்கள். மாமா மிக்சியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று ஒரு கேள்வி எழுந்தது. அதுவும் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறது என்று கோமதிநாயகம் தீர்ப்புச் சொன்னார். தேங்காயை அரைத்தார்கள், பொரிகடலையை அரைத்தார்கள், அரைத்த சட்னியைத் திரும்பவும் அரைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை வீடு ஆலை மாதிரி இரைந்துகொண்டிருந்தது. சட்னி மையாகிவிட்டதா என்று பார்க்க ஆவுடையப்பன் மிக்சி மூடியைத் திறக்கப் போன அந்த நேரம், ஊர் முழுக்கக் கரண்டு போய்விட்டது.

வீடு கப்சிப்பென்று ஆனது. ஆவுடையப்பன் கழற்றிய மூடியும் கையுமாக நின்றான். குத்தாலிங்கம் டிவியைப் பார்த்தான், மிக்சியைப் பார்த்தான், அழுகை முட்டியது. "போச்சுண்ணே! எல்லாம் காத்துக் கெடக்கு!"

வாசலில் சொர்ணமுத்துவின் செருப்புச் சத்தம்.

அவர் வெள்ளைச் சட்டையும் தாம்பூலத் தட்டுமாக உள்ளே வந்தார். டிவியைப் பார்த்தார். சிவப்பு லைட்டு இல்லை. சார்ஜரைப் பார்த்தார். அதிலும் வெளிச்சம் இல்லை. தலைக்கு மேலே ஃபேன்கூட நின்றிருந்தது. கம்பம் ஏறிய மனுஷனுக்குக் கரண்டு போனது தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். சந்தோஷத்தில் அவருக்கு அந்த நினைப்பே வரவில்லை. கண் கலங்கிவிட்டது.

"இதுல்லா வீடு! உடுத்துறதுலகூடச் சிக்கனம்!" என்றார், துண்டோடு நின்ற மூவரையும் பார்த்து.

"மன்னிச்சிருங்க மாமா, காலையில வரைக்கும் எல்லாம் நல்லா..." என்று குத்தாலிங்கம் தொடங்கினான். கோமதிநாயகம் அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார்.

"அடக்கமான பையன்" என்று சொர்ணமுத்து உருகினார். மிக்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தட்டை நீட்டினார். கோமதிநாயகம் வாங்கக் கை நீட்டினார்.

கரண்டு வந்தது.

மூடியில்லாத மிக்சியிலிருந்து தேங்காய்ச் சட்னி கிளம்பி வெள்ளைச் சட்டையில் பாதி, மூக்குக் கண்ணாடியில் பாதி என்று இறங்கியது. டிவி அலறியது. வாஷிங் மெஷின் குதித்துக் குதித்து நடுவீட்டுக்கே வந்துவிட்டது.

"ஏலேய்! எல்லாத்தையும் நிறுத்துங்கலே!" என்று கத்தினார் சொர்ணமுத்து.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எல்லாத்தையும்னா கல்யாணத்தையுமா அண்ணே?" என்று கேட்டான் குத்தாலிங்கம்.

"எல்லாத்தையும்னா அதுவும் சேந்ததுதான்டா" என்றார் கோமதிநாயகம் துக்கத்தோடு.

"மிக்சியை முதல்ல நிறுத்தவா, கல்யாணத்தை முதல்ல நிறுத்தவா?" என்றான் ஆவுடையப்பன்.

சட்னி இன்னும் பறந்துகொண்டிருந்தது. "கல்யாணத்தை எவம்லே நிறுத்தச் சொன்னான்? கல்யாணம் தை மாசம் நடக்கும்! மிக்சியை நிறுத்துங்கலே!" என்று அலறிய பிறகுதான், தன் வாயாலேயே சம்மதம் சொல்லிவிட்டது அவருக்குப் புரிந்தது. அவர் சொன்ன சொல் மாறாதவர். தலையில் அடித்துக்கொண்டு, தானே எழுந்து போய் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் போட்டார்.

"இப்படித்தான்! வேலை இல்லாம காத்துக் கெடக்கதைப் பிடுங்கிப் போடணும்! வெளங்குதா?"

மூவருக்கும் நன்றாக விளங்கியது.

சொர்ணமுத்து முகத்தைக் கழுவிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போய் பஸ் ஏறினார். பஸ் ஊர் எல்லையைத் தாண்டியதும் கொஞ்சம் மூச்சு வந்தது. யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. திரும்பினார். ஈர வேட்டியோடு, மடியில் டிரங்குப் பெட்டியோடு குத்தாலிங்கம் உட்கார்ந்திருந்தான்.

"நீ எங்கலே வாரே?"

"தை மாசம் வரைக்கும் நான் வீட்டுல வேலை இல்லாம காத்துத்தானே கெடக்கணும் மாமா? அதான் அண்ணன் என்னைப் பிடுங்கிட்டாரு" என்றான் குத்தாலிங்கம், ரொம்பப் பணிவாக. "உங்க வீட்டுல என்னை எங்க மாட்டுவீக?"