மாடிப்படிக்குக் கீழே ஒரு விளக்கு

பவானி ஆற்றங்கரையில் சின்னதாக ஓர் ஆசிரமம். அங்கே இருந்த பெண்துறவியை ஊரில் எல்லாரும் அம்மை என்றுதான் சொல்வார்கள். வயது ஐம்பதைத் தொட்டிருக்காது. அவரிடம் வந்துபோன சீடர்களில் நல்லசிவம் மூத்தவர், அறுபதைத் தாண்டியவர். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருந்தார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வருவார், பின்னால் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவார். வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டதில்லை.

அன்று பௌர்ணமி இல்லை. மத்தியான வெயிலில் காரை நிறுத்திவிட்டு, கையில் பல்பு வைத்த இரண்டு அட்டைப்பெட்டிகளோடு வந்து நின்றார்.

"ஒண்ணு கேக்கணுங்கம்மா. சின்ன விசயந்தான்."

"கேளுங்க."

"இது மஞ்சள் வெளிச்சம். இது வெள்ளை. எதை மாட்டினா என் சம்சாரம் அந்த எடத்தை விட்டு எந்திரிச்சு வருவா?"

எந்த இடத்தை என்று அம்மை கேட்டார். நல்லசிவம் உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னார்.

அவருக்கும் மரகதத்துக்கும் ஒரே மகள், சுகந்தி. கோயமுத்தூரில் விடுதியில் தங்கி நர்சிங் படித்தாள். போன ஆடியில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வீட்டுக்கு அவளைக் கொண்டுவந்தார்கள். அவள் விடுதியில் வைத்திருந்த தகரப்பெட்டியும் வந்தது. பெட்டி மட்டும் தங்கியது.

காரியம் முடிந்து சொந்தபந்தங்கள் கிளம்பிப் போனார்கள். நல்லசிவம் மண்டிக்குப் போக ஆரம்பித்தார். சாயங்காலம் வீடு திரும்பினால் கூடம் இருட்டாகக் கிடக்கும். சுவிட்சைப் போடுவார். சுவரோரம் உட்கார்ந்திருக்கும் மரகதம் கண்ணைக் கையால் மறைத்துக்கொள்வாள். பிறகு எழுந்து காபி போடப் போவாள்.

பழைய டியூப்லைட் அழுதுவடிகிறது, அதுதான் காரணம் என்று அவருக்குத் தோன்றியது. அந்த வெளிச்சத்தில் யார் உட்கார்ந்தாலும் மனசு சோர்ந்துதான் போகும். மரகதத்தைக் கூட்டிக்கொண்டு விளக்குக் கடைக்குப் போனார். கடைக்காரர் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். மரகதம் எல்லாவற்றுக்கும் "நல்லாத்தான் இருக்குதுங்க" என்றாள். கடைசியில் அவரே கூடத்துக்கு ஒரு சரவிளக்கைத் தேர்ந்தெடுத்தார். மாட்டியபோது கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் மரகதம் கூடத்தில் இல்லை. பின்கட்டு அறையில் இருட்டில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த அறைக்கும் புது விளக்கு மாட்டினார். அவள் சமையல்கட்டுக்குப் போனாள். அங்கேயும் மாட்டினார். துணி மடிக்கும் அறைக்குப் போனாள். எலக்ட்ரீசியன் முபாரக் ஒருநாள் ஏணியை எடுத்துக்கொண்டு போகாமல் அங்கேயே வைத்துவிட்டுப் போனார். ஆள் அசைந்தால் தானாக எரியும் விளக்குகள் இருக்கின்றன என்று கடைக்காரர் சொன்னார். நல்லசிவம் அதையும் வாங்கி வழிநெடுக மாட்டினார். மரகதம் அசையாமல் உட்காரக் கற்றுக்கொண்டாள்.

"இப்ப மாடிப்படிக்குக் கீழ, சாமான் போட்டுவெக்கிற எடத்துல போய் உக்காந்துக்கறா. அங்க மட்டுந்தான் வெளக்கு இல்லீங்க."

"அங்க என்ன இருக்கு?"

"பழைய பாய், பாத்திரம்... அந்தப் பொட்டியும் அங்கதான் கெடக்குது."

"நீங்க உள்ள போய்ப் பாத்தீங்களா?"

"வெளிய நின்னு கூப்பிடுவேன். வந்துருவா."

அம்மை கேட்டார்.

"சாயங்காலத்துல நீங்க எங்க உக்காருவீங்க?"

நல்லசிவம் யோசித்துப் பார்த்தார். மண்டியிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு, வீட்டில் முபாரக்கோடு ஏணிக்குக் கீழே. உட்கார்ந்த மாதிரி நினைவே இல்லை.

"எனக்கு அதுக்கெல்லாம் நேரமில்லீங்கம்மா" என்றார்.

அம்மை எழுந்து மேல்துண்டைப் போர்த்திக்கொண்டார். "வாங்க, போலாம்."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நல்லசிவம் கதவைத் திறந்தார். உள்ளே நடக்க நடக்க விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அம்மை எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மாடிப்படிக்குக் கீழிருந்த சின்னக் கதவைத் தள்ளி, குனிந்து உள்ளே போனார். கதவு ஒருக்களித்து நின்றது.

உள்ளே பாயை இழுக்கும் சத்தம் கேட்டது.

நல்லசிவம் வெளியே நின்றார். அம்மை ஏதாவது சொல்வார், எவ்வளவோ பேருக்குச் சொல்லித் தேற்றியவர்தானே என்று காத்திருந்தார். காதைத் தீட்டிக்கொண்டு நின்றும் ஒரு வார்த்தை வரவில்லை. பல்புப் பெட்டிகளைப் பிடித்திருந்த கை வலித்தது. கீழே வைக்கவும் தோன்றவில்லை.

பிறகு அழுகை கேட்டது. முதலில் அது மரகதத்தின் குரல் என்றே அவருக்குத் தெரியவில்லை. மகளை எடுத்துக்கொண்டு போன அன்றைக்குப் பிறகு அவள் அழுது அவர் கேட்டதில்லை. தேறிவிட்டாள், வெளிச்சம்தான் வேண்டும் என்று நினைத்திருந்தார். வயிற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்த அந்தச் சத்தம் நெடுநேரம் ஓயவில்லை. தண்ணீர் கொண்டுவரலாமா என்று ஓரடி வைத்தார். திரும்பவும் அதே இடத்தில் வந்து நின்றார். இரண்டு தடவை இருமிக்கொண்டார்.

அழுகை ஓய்ந்து, மெல்லிய பேச்சு கேட்டது. மரகதம்தான் பேசினாள். என்னவென்று பிடிபடவில்லை.

அம்மை வெளியே வந்தபோது அவருடைய கண்கள் சிவந்திருந்தன.

"என்ன சொன்னீங்கம்மா அவகிட்ட?"

"ஒண்ணும் சொல்லலை."

"அவ என்ன சொன்னா?"

"பொட்டியில மடிச்சு வெச்ச துணியில புள்ளையோட வாசம் இன்னும் இருக்குதாம். கொஞ்சங்கொஞ்சமாப் போயிட்டிருக்குதாம். அது முழுசாப் போறதுக்குள்ள உங்களைக் கூப்பிட்டுக் காட்டணும்னு இருந்தாளாம்."

நல்லசிவம் அந்தச் சின்னக் கதவைப் பார்த்தார்.

"எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே."

"வெளிச்சத்துல உங்க முகத்தைப் பாத்தா வாய் வரலையாம். இவரே இப்பத்தான் நிமிந்து நிக்கறாரு, நாம எதுக்குச் சாய்ச்சு விடணும்னு இருந்துட்டாளாம்."

நல்லசிவம் வேறு செய்யத் தெரியாமல் இரண்டு அட்டைப்பெட்டிகளையும் முன்னால் நீட்டினார்.

"அப்ப, இதுல எதை மாட்டறதுங்கம்மா?"

அம்மை இரண்டு பெட்டிகளையும் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"உள்ள இன்னும் ஒருத்தர் உக்கார எடம் இருக்குதுங்க."