பேர் சொல்லாதது

அந்தக் காலத்தில், செடியும் பூச்சியும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு முறை இருந்தது. யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும், அந்தப் பேருக்கு உரியது "இங்கே இருக்கிறேன்" என்று பதில் சொல்லியே ஆக வேண்டும். கடவுள் அதை நல்லதற்காகத்தான் வைத்தார். மழையில் தொலைந்த கன்றுக்குட்டிகூட அப்படித்தான் வீடு வந்து சேர்ந்தது.

அதைக் கெடுத்தது கரையான். கரையானுக்குக் கண் தெரியாது. எது எங்கே முளைத்திருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? ஆனால் ஓலைச்சுவடிக்குள் புகுந்து எழுத்தைத் தின்றால், அதில் எழுதியிருந்த பேர் தெரிந்துவிடும். பொழுது சாய்ந்ததும் மண்ணுக்குள் இருந்து அந்தப் பேரைக் கூப்பிடும். செடி, பாவம், பதில் சொல்லும். விடிவதற்குள் வேர் இருக்காது.

மாராத்தாள் வீட்டில் ஒரு வைத்தியச் சுவடி இருந்தது. அதில் எந்தப் பேர் இருந்த இடத்தில் ஓட்டை விழுந்ததோ, அந்த மூலிகை மறுநாள் வேலியோரத்திலும் இல்லாமல் போனது. தப்பியது வசம்பு ஒன்றுதான். கோடையில் வற்றிய குளத்தோரம், கத்தி போல இலை நீட்டி நின்றது. பிள்ளை பெற்றவர்கள் எல்லாருக்கும் தெரிந்த மருந்து என்பதால், அதை யாரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை.

மாராத்தாளுக்கு அப்போது நாற்பது நாள் பெண் குழந்தை. வயிறு கல்லாய் உப்பி, பால் குடிக்காமல் அழுதது. முன்பே இரண்டு பிள்ளைகளை இதே அழுகையோடு மண்ணுக்குக் கொடுத்தவள் அவள். "தாயே, இந்த ஒன்றையாவது எனக்கு விட்டு வை" என்று விளக்கை ஏற்றிக் கும்பிட்டாள்.

பக்கத்து வீட்டில் நாத்தனார் செல்லாயி இருந்தாள். நல்ல மனசு, தொண்டைதான் பெரிசு. அழுகை பொறுக்காமல் வாசலில் நின்றபடியே கத்தினாள்.

"அண்ணி! வசம்பு சுட்டுப் போட்டீங்களா? இல்லைன்னா காலையில குளத்துல போய்ப் புடுங்கிட்டு வரேன்!"

சுவருக்குள் சரசரவென்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது. கரையான் பேரைக் கேட்டுவிட்டது என்று மாராத்தாளுக்குப் புரிந்தது.

விடிந்ததும் குளத்துக்கு ஓடினாள். இலைகள் எல்லாம் சாய்ந்து கிடந்தன. மண்ணைக் கிளறினாள். ஒரு விரல் நீளக் கிழங்கு மட்டும் மிச்சம்.

"கரையான் கூப்பிட்டுச்சு தாயி, பதில் சொல்லாம இருக்க முடியலை" என்றது கிழங்கு. "உன் நாத்தனார் தொண்டை அப்படி."

"அவ கெட்டவ இல்லை."

"தெரியும். அவ பிறந்தப்ப தொப்புளைச் சுத்திப் பத்துப் போட்டதும் நான்தானே. அப்பவே இந்தச் சத்தம்தான்."

மாராத்தாள் கையை நீட்டினாள். பிறகு இழுத்துக்கொண்டாள். எடுத்தால் தன் பிள்ளை பிழைக்கும், இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு ஒன்றும் இருக்காது. விட்டுவைத்தால் இன்று பொழுது சாய்ந்ததும் கரையான் கூப்பிடும்.

"பாதியை ஒடிச்சுக்கோ, பாதியை ஊன்றி வை" என்றது கிழங்கு. "ஆனா விளக்கு வெச்ச பிறகு இந்த ஊர்ல ஒருத்தர்கூட என் பேரைச் சொல்லக் கூடாது. மனுஷங்க வாயில இல்லாத பேர் என் பேர் இல்லை. அப்ப யார் கூப்பிட்டாலும் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை."

"பேர் இல்லாம இருப்பியா?"



"பிள்ளைக்காரிங்க பதறிப்போய் என்னைக் கூப்பிடறது அந்த நேரத்துலதான். அதைக் கேக்கறதுதான் எனக்கு ஆசை. பரவாயில்லை, ஒடி."

அழுதுகொண்டே ஒடித்தாள். வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். கிழங்கை விளக்கெண்ணெயில் தோய்த்துச் சுட்டு, கல்லில் உரைத்துக் குழந்தையின் தொப்புளைச் சுற்றிப் பற்றுப் போட்டாள். கல்லில் ஒட்டியிருந்த கரியை வீணாக்க மனம் வராமல் சுவடியில் மிச்சமிருந்த ஏடுகளில் தடவினாள்.

பொழுது சாய்ந்தது. ஊரில் விளக்குகள் ஏறின. மண்ணுக்குள் கரையான் கூப்பிட ஆரம்பித்தது. குளத்தோரம் அந்தப் பாதிக் கிழங்கு தன் பேரைக் கேட்டபடி பேசாமல் கிடந்தது.

அப்போது மாராத்தாள் வீட்டில் அழுகை நின்றது.

செல்லாயிக்கு உயிரே போய்விட்டது. தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். "அண்ணி! அழுகையே காணோமே! அந்த வ..."

வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. செல்லாயியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பிறகு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, மெதுவாகப் பேசினாள்.

"அந்த... பேர் சொல்லாதது... கேட்டுச்சா அண்ணி?"

மாராத்தாள் மாராப்பை விலக்கிக் காட்டினாள். குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது.

கரையான் விடியும்வரை கூப்பிட்டது, பதில் வரவில்லை. எவ்வளவு கூப்பிட்டும் பேசாத ஒன்றின் வாசனை என்றால் அதற்குப் பயம். வசம்பு தடவிய ஏட்டை அது தொடுவதில்லை.

'பேர் சொல்லாதது' என்பது அன்று அந்தியில் செல்லாயி வாயில் பிறந்த வார்த்தைதான். இன்றைக்கும் விளக்கு வைத்த பிறகு நாட்டு மருந்துக் கடைக்குப் போகும் தாய்மார், "பேர் சொல்லாதது ஒரு துண்டு குடுங்க" என்று மெதுவாகக் கேட்கிறார்கள். கடைக்காரரும் எது என்று கேட்காமல் எடுத்துக் கொடுக்கிறார்.